செல்ஃப் மோட்டார் மாற்றியதாக பில் போட்டார்கள், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பைபாஸ் ஓரமாக இருக்கும் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் 14,000 ரூபாய்க்கு மேல் அழுதிருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. இதே கோளாறோடு வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு உஷாராகட்டும்.

வண்டி பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட். தர்மபுரியில் ஜம்மென்று கிளம்பும். காரிமங்கலத்தில் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றாது. திரும்பத் திரும்ப முயன்றால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் பல நாள் தொந்தரவே இருக்காது.

விட்டு விட்டு வரும் கோளாறு ஏமாற்றுகிறவர்களுக்கு ரொம்பத் தோது. எதை மாற்றினாலும் வண்டி நம் கண் முன்னாலேயே ஸ்டார்ட் ஆகும். “பார்த்தீங்களா சார், சரியாயிடுச்சு” என்று சாவியைக் கையில் கொடுத்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். முதலில் பேட்டரியை மாற்றினார்கள். மீட்டர் எதுவும் வைக்கவில்லை, பானட்டைத் திறந்த உடனே “செல் போயிடுச்சு சார்” என்றார் உரிமையாளர். பேட்டரிக் கடைகளில் பழையதுக்கு ஒரு தொகை கழிப்பார்கள். இந்த பில்லில் அந்த வரியே இல்லை. கேட்டால், “செத்த பேட்டரியை யாரு சார் வாங்குவா?” செத்த பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்துக்குத்தானே காசு!

கொஞ்ச நாளில் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வாசலில் மறுபடி அதே ‘டக்’. இந்த முறை செல்ஃப் மோட்டார் என்றார்கள். புதுசு போட்டதாகச் சொல்லி 8,500 ரூபாய் பில். கூடவே அடுத்ததற்கும் விதை தூவி வைத்தார் உரிமையாளர்: “திரும்ப வந்தா ஈசிஎம்தான் சார், முப்பதாயிரம் ஆகும்.” ஈசிஎம் என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். ஸ்கேனர் போட்டுப் பார்த்தீர்களா என்றேன். “இதெல்லாம் ஸ்கேனர்ல வராது சார்.” ஸ்கேனரில் வராதது ஈசிஎம் கோளாறு என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ.

பாலக்கோட்டில் வண்டி மறுபடி மக்கர் செய்தபோது, பக்கத்திலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை இருந்தது. வயதானவர். கோளாறு இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பதில் குறியாக இருந்தார். “திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி, எடுத்துடுச்சுன்னா அப்புறம் எதைப் பார்க்கிறது?” என்று சொல்லிவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு ஒரு தடவை மட்டும் சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் லைட் அழுது வடியும்.

அடுத்து மல்டிமீட்டர். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதும் பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் நின்றது. பலவீனமான பேட்டரி என்றால் செல்ஃப் இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். பிறகு ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் மேலும் வைத்தார். செல்ஃப் அடிக்கும்போது இந்த இடைவெளியில் அரை வோல்ட்கூட விழக்கூடாதாம். எனக்கு எட்டு வோல்ட்டைத் தாண்டியது.

எர்த் ஒயர்தான் காரணம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கரண்ட் திரும்பி வர இந்தத் தடிமனான ஒயர்தான் வழி. அதன் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக் அடியில் பச்சையாகப் பூத்துப்போய், அதிர்வில் ஒரு நேரம் ஒட்டியும் ஒரு நேரம் விட்டும் இருந்திருக்கிறது. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலிருந்து வருவதால் அது பாட்டுக்கு எரிந்தது. புது ஒயர் போட்டு, உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததற்கு 450 ரூபாய். அன்றிலிருந்து ‘டக்’ சத்தம் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை அவர். டார்ச் அடித்து செல்ஃப் மோட்டாரைக் காட்டினார். போல்ட் மேல் பழைய எண்ணெயும் மண்ணும் கெட்டியாக அப்பியிருந்தன, ஸ்பேனர் பட்ட தடம் கிடையாது. “இதை மாத்தினாங்கன்னா சொன்னாங்க?” என்று சிரித்தார். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டபோது, “பசங்க கவனிக்காம பில் போட்டிருப்பாங்க” என்றார் உரிமையாளர். சரி, என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய மோட்டார் எங்கே? ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். கழற்றாத மோட்டார் ஸ்கிராப்புக்குப் போன அதிசயத்தை அவர்தான் விளக்க வேண்டும். கடைசியில் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். மறுத்துவிட்டேன்.

யாராவது இப்படி மாட்டினால், மெக்கானிக்கிடம் போகும் முன் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: செல்ஃப் சுற்றவே இல்லையா, சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. சூடானால் மட்டும் வேலை நிறுத்தும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும் சென்சார்), பெட்ரோல் பம்ப், அதன் ரிலே என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ‘டக்’ கேட்டால் போனில் வீடியோ எடுங்கள், லைட்டும் தெரிகிற மாதிரி. எந்த பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில், போட்டோ, அந்த உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் பணம் முழுதாக வந்து, பழைய பேட்டரிக்கும் கணக்குச் சொல்லும் வரை புகாரை வாபஸ் வாங்குவதாக இல்லை.