பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் படம்: டொட்டோரோவா, நீமோவா, பொன்யோவா, ஷோனா?

நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு முழுநீளப் படம் காட்டப் போகிறீர்கள். பிள்ளை பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடும். கதையில் ஆராவது அழுதால் தானும் அழும். நாலு படங்களை எடுத்துப் பார்ப்போம்: 'மை நெய்பர் டொட்டோரோ' (1988, 86 நிமிடம்), 'பைண்டிங் நீமோ' (2003, 100 நிமிடம்), 'பொன்யோ' (2008, 101 நிமிடம்), 'ஷோன் த ஷீப் மூவி' (2015, 85 நிமிடம்). நாலுமே நல்ல படங்கள். ஆனால் இப்படியான பிள்ளைக்கு இந்த நாலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கிற பிள்ளைக்கும் முல்லைத்தீவுக் கரையில் இருக்கிற பிள்ளைக்கும்கூடத் தெரிவு மாறலாம்.

முதலில் தரச் சான்றைப் பற்றி. அமெரிக்கச் சான்றில் 'நீமோ'வுக்கு 'ஜி', அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம். அந்தப் படத்தில் தாய்மீனும் ஒன்று தவிர்ந்த எல்லா முட்டைகளும் படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பறிபோய்விடும். 'ஷோன்' ஆட்டுக்குட்டிக்கு அதைவிடக் கடுமையான 'பிஜி', அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற சான்று கிடைத்தது. காரணம் கொஞ்சம் நாகரிகமில்லாத பகிடிகள். 1994இல் வந்த 'லயன் கிங்' படமும் 'ஜி'தான். அதில் செத்துக் கிடக்கிற தகப்பனைக் குட்டிச் சிங்கம் தட்டி எழுப்பப் பார்க்கும். மாலை போட்ட படம் சுவரில் தொங்குகிற வீடுகள் வன்னியில் குறைவில்லை. அந்தக் காட்சியைப் பத்து வயதுக்குப் பிறகு, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். இரவில் எந்தக் காட்சி பிள்ளையை எழுப்பும் என்பதைச் சான்றெழுத்து சொல்லாது.

சின்னப் பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கான்டர் நீண்டகாலம் ஆராய்ந்தார். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கதையின் ஆபத்தைவிடக் கண்ணுக்குத் தெரிகிற உருவம்தான் பெரிது. நல்ல முகம் ஒன்று திடீரென்று வேறு முகமாக மாறுவதுதான் அவர்களை மிகவும் கலக்கும். எட்டு வயதுக்கு மேலே போகப் போக, உண்மையில் நடக்கக்கூடியவைதான் பயமாகும். இன்னொன்றையும் அவர் கண்டார்: 'இது பொய்தானே, படம்தானே' என்ற விளக்கம் பெரிய பிள்ளைக்கு உதவும், நாலு வயதுக்கு உதவாது. அந்த வயதுக்கு மடி வேண்டும், போர்வை வேண்டும், ஒரு வாய் தண்ணீர் வேண்டும்.

இந்தக் கண்ணோடு 'நீமோ'வைப் பாருங்கள். புரூஸ் என்ற சுறா சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கும். ஒரு துளி இரத்தத்தின் வாசம் பட்டதும் கண் முழுக்கக் கறுத்து, அதே முகம் கொலைமுகமாகிவிடும். பிறகு துரத்தல். அது நடக்கும் இடம் கடலடியில் மூழ்கிக் கிடக்கிற ஒரு நீர்மூழ்கி. சுற்றிவரக் கண்ணிவெடிகள் மிதக்கும், கடைசியில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வேறு ஊர்களில் அது பகிடி. எங்கள் பிள்ளைகளுக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்ன, தெரியாத இரும்பைத் தொடக்கூடாது என்பது ஏன் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தைச் சரியாகப் பிடித்த பிள்ளைக்கு வெடிகளுக்கு நடுவே நடக்கிற விளையாட்டு சிரிப்பைத் தராது. படத்தின் முடிவில் மீன்பிடி வலை வருகிறது: வலைக்குள் அகப்பட்ட மீன்கள் கீழ்நோக்கி நீந்தி வலையை அறுக்கும்; நீமோ செத்தது போலக் கிடக்கும். தகப்பன் விடிய முன்னம் வள்ளத்தில் போகிற வீட்டில், 'அப்பாவும் நீமோவைப் பிடிப்பாரா?' என்ற கேள்வி வந்தே தீரும். கேட்டால், அப்பா பிடிக்கிற மீன் சமைக்கிறதற்கு, நீமோ கீறின படத்தில் இருக்கிற மீன் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். எங்கள் எண்ணம்: இந்தப் படத்தை ஏழு வயதுக்குத் தள்ளிப் போடுங்கள். அப்போதும் முதல் ஐந்து நிமிடத்தைக் கடந்து, நீமோ பள்ளிக்கூடம் போகிற காலையில் தொடங்கினால் கதை ஒன்றும் குறையாது.

'பொன்யோ' முற்றிலும் வேறு குணம். ஐந்து வயது சோசுகே, மனிசப் பிள்ளையாக ஆசைப்படுகிற ஒரு மீன்குஞ்சு, கைக்கீறல் போல வரைந்த நிறங்கள். ஒருவரும் சாகவில்லை. நல்லவர் கெட்டவர் என்ற பிரிவே இல்லை. உள்நாட்டில், குளமும் வயலுமாக வளர்கிற பிள்ளைக்கு வெள்ளத்தின் மேலே பொம்மைக் கப்பலில் போகிற காட்சி பேரானந்தம். ஆனால் அந்த வெள்ளம் எப்படி வருகிறது? இரவில், புயலில், கடல் பெரிய மீன்களாக எழும்பி வீதியில் போகிற காரைத் துரத்தும். 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையில் என்ன செய்தது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. பக்கத்துக் கதிரையில் இருக்கிற அம்மம்மாவுக்குத் தெரியும். பெரியவர் மூச்சைப் பிடித்தால் பிள்ளை ரீவியைப் பார்க்காது, அவருடைய முகத்தைத்தான் பார்க்கும். பயம் அங்கிருந்துதான் ஒட்டும். கரையோர வீடுகளில் முதலில் பெரியவர்கள் தனியாக ஒருமுறை பார்த்து, தங்களால் முடியுமா என்று தீர்மானிக்கட்டும். சோசுகேயின் தாய் அவனை வீட்டில் விட்டுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவதும், பிறகு அவன் வெறும் காரைக் கண்டு அழுவதும் தாயை ஒட்டியே இருக்கிற பிள்ளைக்குப் பெரிய அடி. 'அம்மா பத்திரமாக இருக்கிறா, கடைசியில் வந்து கட்டிப்பிடிப்பா' என்று படம் தொடங்க முன்னமே சொல்லிவிடுங்கள்.

முடிவை முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. பயந்த பிள்ளைக்கு முடிவு தெரிந்தால்தான் நடுவில் இருக்க முடியும்.

'டொட்டோரோ'வில் வில்லன் இல்லை, சண்டை இல்லை, துரத்தலும் இல்லை. அக்கா சற்சுகி, நாலு வயது மேய், தகப்பன், ஒரு கிராமத்துப் பழைய வீடு, தாய் ஆசுபத்திரியில். மழையில் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்கிற, டொட்டோரோ என்ற அந்தப் பெரிய காட்டு உருவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஏனோ பயப்படுவதில்லை. அது அசைவதே மெதுவாகத்தான். இரவில் காற்றில் வீடு ஆடும்போது தகப்பன் உரக்கச் சிரித்து, பிள்ளைகளையும் சிரிக்கவைத்துப் பயத்தைக் கலைப்பார். அந்த இடத்தில் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். ஐப்பசி மழையில் தகரம் அடிக்கிற இரவுக்கு அது உதவும்.

ஆனாலும் கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள் உண்டு. மாடியில் ஓடுகிற கரிப் பூச்சிகள், பூனைபஸ்ஸின் (பஸ் உருவத்தில் ஓடிவருகிற பெரிய பூனை) வெளிச்சக் கண்ணும் பல்லும் முதலிரண்டு. முதல்நாளே தாளில் கீறிக் காட்டினால் போதும். மூன்றாவதுதான் உண்மையான இடம். ஆசுபத்திரியிலிருந்து தந்தி வர, மேய் சோளப்பொத்தியைத் தூக்கிக்கொண்டு தாயிடம் போக வெளிக்கிட்டுத் தொலைந்துபோவாள். ஊரார் குளத்தில் தேடுவார்கள். ஒரு சின்னச் செருப்பு அகப்படும். கிழவி அதைக் கையில் வைத்துக் கும்பிட்டபடி நிற்பா. சற்சுகி ஓடிவந்து பார்த்து, மேயுடையது இல்லை என்பாள். குளமும் கட்டில்லாக் கிணறும் பக்கத்தில் இருக்கிற ஊரில் இந்த ஒரு நிமிடம் கனமானது. இங்கே மொழி தெரியாதது உங்களுக்கு வசதி. படம் யப்பான் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஓட, கதை சொல்வது நீங்கள்தான். செருப்பு தெரிவதற்கு முன்னமே, 'இது வேறு பிள்ளையின் செருப்பு, மேய் வீதிக்கரையில் இருக்கிறாள்' என்று சொல்லிவிடலாம். அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று சற்சுகி அழுகிற வசனத்தையும் 'அம்மாவைத் தேடி அழுகிறாள்' என்று மட்டும் சொன்னால் போதும். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்தாதீர்கள். தாய் வீட்டுக்கு வந்து சேர்வது பெயர்களோடு வருகிற கீறின படங்களில்தான் இருக்கிறது. அதைப் பாராத பிள்ளை, 'அம்மா எப்ப வருவா?' என்று ஒரு கிழமை கேட்கும்.

'ஷோன்' படத்தில் பேச்சே இல்லை. அம்மம்மாவும் நாலு வயதுப் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள், ஆரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆடு, நாய், பண்ணை எல்லாம் தெரிந்த விஷயம். குறை, இரண்டாம் பாதி. விலங்கு பிடிக்கிற அதிகாரி ஒருவர் விடாமல் துரத்துவார், கூண்டு வரும், கடைசியில் விளிம்பிலிருந்து விழுகிற மாதிரி ஒரு காட்சியும் வரும். தலையில் அடிபட்ட பண்ணைக்காரர் தன் ஆடுகளையே அடையாளம் தெரியாமல் விரட்டுகிற இடம் இன்னும் நோகும். பயத்தைவிடத் துக்கம் அதிகமான பிள்ளைகள் அங்கேதான் அழுவார்கள். இதே ஆடுகளின் தொலைக்காட்சி அத்தியாயங்கள் ஏழு நிமிடம்தான். பத்து அத்தியாயம் பழகிய பிறகு படத்துக்கு வந்தால் துரத்தலும் பழகிய முகங்களோடு நடக்கும்.

ஆகவே எங்கள் வரிசை: முதலில் ஷோனின் குட்டி அத்தியாயங்கள், அடுத்தது 'டொட்டோரோ', பிறகு ஷோன் படம், உள்நாட்டு வீடுகளில் ஆறு வயதளவில் 'பொன்யோ', கடைசியில் 'நீமோ'. சத்தத்துக்கு மட்டுமே பயப்படுகிற பிள்ளையென்றால் 'பொன்யோ'வை இன்னும் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எந்தப் படம் என்பதைப்போலவே எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். வூஃபரைக் கழற்றிவிடுங்கள், அடித்தொனிதான் நெஞ்சில் அதிர்கிறது. யானை வெடி கேட்டுத் துள்ளுகிற பிள்ளைக்கு அந்த அதிர்வே போதும். சாதாரணக் குரலில் நீங்கள் பேசுவது படத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. விளக்கை அணைக்க வேண்டாம். பின்னேரம் நாலு மணி நல்ல நேரம். படத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் குளிப்பும் சாப்பாடும் விளையாட்டும் வந்துவிடும். இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாலு வயதென்றால் 'டொட்டோரோ'வை இரண்டு நாளாகப் பிரியுங்கள், பஸ் தரிப்பிடக் காட்சி முடிகிற இடம் பொருத்தம்.

யூரியூப்பில் நேரடியாகப் போட்டால் நடுவில் பேய்ப்பட விளம்பரம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முதலே இறக்கிவைத்து, சார்ஜ் ஏற்றிய லப்டொப்பில் போடுவது நல்லது. கரண்ட் போனால் ரீவி நின்றுவிடும். அது மேய் தொலைந்த நிமிடமாக இருந்தால், பிள்ளை இருட்டில் அந்தக் காட்சியோடேயே இருக்கும். அப்படி நின்றால் விளக்குத் தேட முன்னம் முடிவைச் சொல்லுங்கள்.

பயத்தின் அடையாளம் அழுகைதான் என்றில்லை. திடீரென்று ஒன்றுக்கு வருகிறது என்பார்கள், சட்டைக் கழுத்தைக் கடிப்பார்கள், ஒரே கேள்வியை நாலுதரம் கேட்பார்கள், அல்லது அசையாமல் மௌனமாகிவிடுவார்கள். சில பிள்ளைகளில் அது இரண்டு நாள் கழித்து, இரவில் வெளி மலசலகூடத்துக்குத் தனியாகப் போக மறுப்பதாக வெளிப்படும். 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல் வீட்டில் ஆர் வாயிலும் வரக்கூடாது, மாமாமார் உட்பட. அடுத்தநாள் பகலில் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல், சின்னத் திரையில், பிள்ளையின் விரலே நிறுத்தவும் ஓட்டவும் விட்டுக் காட்டலாம். பிள்ளை விரும்பினால் மட்டும்.

முன்பள்ளியில் இருபது பிள்ளைகளுக்குச் சேர்த்துப் போடுகிற ரீச்சர்மார் நாலு படங்களையும் விட்டுவிடுங்கள். ஒருவர் அலறினால் எல்லாரும் அலறுவார்கள், ஒரு மடியில் இருபது பேரை வைக்கவும் முடியாது. ஷோனின் அத்தியாயங்கள் மூன்று, கதவு திறந்தபடி, பயந்த பிள்ளை உங்கள் பக்கத்தில் கதவோரமாக. வெளியே போக வேண்டுமென்றால் கேட்காமலே போகலாம் என்று தொடங்க முன்னம் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.