இராமேசுவரத்து நாணயக் கடையும் நான் தேர்ந்த நாலணாவும்

இராமேசுவரம் கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து அக்கினி தீர்த்தம் செல்லும் வழியில், சங்கும் சோழியும் விற்கும் கடைகளுக்கு நடுவே பழைய நாணயங்கள் மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. ஆறு மாதங்களில் நான்கு முறை சென்று வாங்கியிருக்கிறேன். அங்கே எதை வாங்கலாம், எதைத் தொடாமல் வரலாம் என்பது இப்போது எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதல் முறை நான் தேடிச் சென்றது சேதுபதி காசுகளை. கடைக்காரர் சிவப்புத் துணியை விரித்து ஆறு செப்புக் காசுகளை வைத்தார். எல்லாமே சேதுபதி காசு என்றார். நான்கில் ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் காளையும், அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்தும் இருந்தன. இந்த வகை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. 17ஆம் நூற்றாண்டில் தலையெடுத்த இராமநாதபுரம் சேதுபதிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே சொல்லைக் கண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது நம் பக்கத்தில் சகஜம்தான். ஆனால் அந்த நான்கில் இரண்டின் விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு பொருத்துக்கோடு ஓடியது. அச்சில் அடித்த காசில் அது வராது, வார்த்தெடுத்த போலியில்தான் வரும். சுட்டிக்காட்டியதும் அவர் வாதாடாமல் அவற்றை எடுத்து உள்ளே வைத்தது கடையின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

மற்றவை வயலில் கிடைத்தவை என்றார். அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய நாணயங்கள் கிடைத்ததிலிருந்து, இக்கரையில் ‘மண்ணில் கிடைத்தது’ என்பது ஒரு விற்பனைப் பேச்சாகிவிட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், அந்தப் பேச்சு எனக்கு வாங்காமலிருக்கவே காரணமாயிற்று.

“எது வேணும்னு சொல்லுங்க தம்பி, அந்தத் தட்டை எடுக்கிறேன். எல்லாம் வேணும்னா கிலோ கணக்குல தர்றேன்” என்றார் கடைக்காரர். நான் நாலணாவை, அதாவது கால் ரூபாய் நாணயத்தைச் சொன்னேன். சரிபார்க்கக்கூடியதும், கைக்கு அடங்கும் செலவில் முடிவதும், அதே சமயம் சலிக்காததும் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். விக்டோரியா காலத்து வெள்ளிக் கால் ரூபாயின் எடை 2.92 கிராம், நான் வாங்கியது கடைத் தராசில் 2.8 காட்டியது, தேய்மானத்துக்கு அது சரி. 1919இல் வந்த எண்கோண நாலணாவைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அறியலாம். 1940 முதல் வெள்ளி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. புலி பொறித்த 1946, 1947 நிக்கல் நாணயமோ காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 1957இல் அதுவே 25 நயா பைசாவாகி, 1964இல் ‘நயா’வை இழந்து, 1988இல் காண்டாமிருகத்தைச் சுமந்து, 2011 ஜூன் 30உடன் செல்லாக்காசாயிற்று. ஆண்டின் கீழே உள்ள குறி எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைச் சொல்லும்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. இந்தத் தட்டுகளை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருப்பதுதான் கடையின் உண்மையான பலம். காண்டாமிருகக் காசு ஒன்று பத்து ரூபாய்க்கே கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்து, புதுச் செம்பு போலப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். பழமையின் நிறம் போன அந்தக் காசைச் சேகரிப்பவர் யாரும் விரும்பி வாங்கமாட்டார். காசுகளைப் போட்டு வைக்க அங்கே வாங்கிய பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் அதைவிட மோசம். ஐப்பசி மழை முடிந்து திறந்து பார்த்தபோது, செப்புக் காசுகளின் மீது பிசுபிசுவென்று பச்சை படிந்திருந்தது. உப்புக்காற்று வீசும் ஊரில் அந்த ஆல்பத்தை விற்கவே கூடாது. இப்போது அட்டை ஹோல்டரில் போட்டு, மாத்திரைக் குப்பியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்து, அதற்கு லட்சம் ரூபாய் கேட்டவரை, நான் இருந்தபோதே கடைக்காரர் தேநீர் வாங்கிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார். எண்கோண நாலணாவில் 1921 மட்டும் என்னிடம் இல்லை. வந்தால் எடுத்து வைப்பதாகச் சொல்லி, என் எண்ணை ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.