நுவரெலியாவில் இரண்டு நாள்: பகல் பன்னிரண்டுக்குள் விளையாடி முடியுங்கள்

சின்னவன் ஒரு வருஷமாக ஒரே நச்சரிப்பு. போனில் யாரோ ராட்சத ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்த்துவிட்டான், அவனுக்கும் அப்படி ஒரு பார்க் வேணுமாம். எங்கள் ஊர் அட்டனில் இருந்து கொழும்புப் பக்கம் தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்களுக்கு இறங்குவதென்றால் போகவும் வரவுமே நாள் போய்விடும், அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அதனால் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து, அம்மா, வீட்டுக்காரி, மகள், சின்னவன், நான் என்று ஐந்து பேரும் நுவரெலியாவுக்கே போய் ஒரு இரவு தங்கி வந்தோம். போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நுவரெலியாவின் கிரகரி வாவிப் பூங்காவுக்கு, தலைகீழாகத் தூக்கிப் போடும் ராட்டினங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே இருப்பது தண்ணீர், படகு, மட்டக்குதிரை, வாடகைச் சைக்கிள், சின்னப் பிள்ளைகள் ஏறி இறங்கும் விளையாட்டுச் சாமான்கள், நடக்க நீளமான கரை. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கிய வாவி அது. ஜெட் ஸ்கீ பிடிக்கும் இளவட்டங்களுக்கு அது இருக்கிறது, மற்றபடி அவர்களுக்கு அரை நாளில் அலுத்துவிடலாம். ஆனால் ஆறு வயசும் அறுபத்தெட்டு வயசும் ஒரே வேனில் வரும் குடும்பத்துக்கு, மலைநாட்டில் இதைவிடத் தோதான இடம் நான் பார்த்ததில்லை.

குளிரைப் பற்றிச் சொல்ல வேணும், ஏனென்றால் அதில்தான் நான் பிழை விட்டேன். அட்டன்காரனுக்குக் குளிர் தெரியாதா என்று ஆளுக்கு ஒரு ஜேர்சி மட்டும் எடுத்துப் போனோம். அட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர், நுவரெலியா 1,868. இந்த அறுநூறு மீட்டருக்கே நாலு பாகை அளவு குறைந்துவிடும், அதற்கு மேல் வாவிக் காற்று. காலை எட்டரைக்கு மகளுக்கு விரல் விறைத்து, சைக்கிள் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்ததும் ஜேர்சி இடுப்புக்குப் போனது. பதினொன்றரைக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. அந்த உயரத்தில் குளிரும் காற்றில் வெயில் சுடுவது தெரியாமலே தோல் கருகிவிடும், ஆகவே தொப்பி கட்டாயம். சரியாக ஒன்றே காலுக்கு பீதுருதாலகால மலைப் பக்கத்தில் இருந்து மூட்டம் இறங்கி, பத்து நிமிஷத்தில் எதிர்க்கரை காணாமல் போய், தூறலும் பிடித்துவிட்டது. காசு கட்டி வரிசையில் நின்ற ஒரு குடும்பம் படகு ஏறாமலே திரும்பியதைப் பார்த்தேன், அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதனால் படகு, குதிரை, சைக்கிள் எல்லாவற்றையும் பகல் பன்னிரண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு, கடை கண்ணி எல்லாம் பிறகு. ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் மழை குறைந்த காலம், ஆனால் சில இரவுகளில் புல்லில் உறைபனி விழும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றோடு நாள் முழுக்கத் தூறும். ஏப்ரல் சீசன் கொண்டாட்டமானதுதான், மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை எங்கேயோ ஏறிவிடும், வாகனம் ஊரும், வயசானவர்களோடு அந்த நெரிசலில் நான் போக மாட்டேன்.

இனி படகு. அன்னப்பறவை மாதிரி இருக்கிற, காலால் மிதிக்கிற படகுதான் பிள்ளைகளுக்கு ஆசை. அதில் ஏறக் காலை மடக்கிக் கீழே இறங்க வேணும், ஆடும், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிவராது. அம்மா கரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "வேணாம்பா, நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க இருந்தே பாத்துக்கிறேன்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர், இந்த வாவிக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. மோட்டார்ப் படகு எடுத்தோம். இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, அவர் போர்த்தியிருந்த கம்பளிக்கு மேலேயே உயிர்காப்பு அங்கியை மாட்டி, மெதுவாக உட்கார வைத்தார்கள். அந்தப் பொறுமைக்காகவே அவர்களுக்குக் கூடக் கொஞ்சம் காசு கொடுத்தேன். நடு வாவிக்குப் போனதும் அம்மா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. தூரத்து மலையைக் காட்டி, "அந்த மல கவ்வாத்து வெட்டி மூணு மாசம் இருக்கும், பாரு துளிர் வந்திருக்கு" என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கவ்வாத்து என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டாள், தேயிலைச் செடி புதுசாகத் துளிர்க்க அதைக் குட்டையாக வெட்டிவிடுவதுதான் அது, வீட்டில் எத்தனையோ தடவை காதில் விழுந்த சொல்.

மிதிபடகையும் நானும் பிள்ளைகளும் எடுத்தோம். காற்றுக்கு எதிராக முதலில் மிதியுங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். நாங்கள் மாற்றிச் செய்து, கடைசி இருபது நிமிஷம் தொடை கழன்றுபோச்சு.

குதிரைக்கு விலையை ஏறும் முன்னே பேசிவிடுங்கள். ஒருவர் ஒரு தொகை சொல்லி ஏற்றி, இறக்கும்போது அது அரைச் சுற்றுக்கு மட்டும் என்றார், பிள்ளைக்கு முன்னால் சண்டை வேண்டாமென்று கொடுத்துவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை.

சாப்பாட்டில் ஒன்று கெட்டது, ஒன்று அருமை. முதல் நாள் மழைக்கு ஒதுங்கிய அவசரத்தில், கண்ணாடி வழியாக வாவி தெரியும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். ஃப்ரைட் ரைஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வந்ததும் ஆறித்தான் வந்தது. அம்மா மாத்திரை போடச் சுடுதண்ணீர் கேட்டதற்கும் பில்லில் காசு போட்டிருந்தார்கள். அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் டவுனுக்குள் நடந்து ஒரு சின்னச் சைவக் கடையைப் பிடித்தோம். சோறு, பருப்பு, லீக்ஸ் சுண்டல், பீட்ரூட் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், மிளகாய்ப் பொரியல். லீக்ஸும் பீட்ரூட்டும் அந்த மண்ணில் விளைந்து காலையில் வந்தவை, இனிப்பு அப்படியே இருந்தது, சின்னவன் பீட்ரூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான் என்றால் நம்புங்கள். பருப்பும் நன்றாக மசிந்திருந்தது, அதற்கு அங்கே நேரம் கூடுதலாக வேணும், அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பிளேன்டீ கேட்டால் இஞ்சி தட்டிப் போட்டுத் தந்தார்கள். ஐந்து பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டது, முதல் நாள் இரண்டு தட்டுக்குக் கொடுத்த காசைவிடக் குறைவு. வாவிக்கரையில் அவித்த சோளமும் அச்சாறும் போதும், சோறு டவுனில்தான்.

விக்டோரியா பூங்காவுக்கு ஞாயிறு காலை போனோம். விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக 1897இல் பெயர் வைத்த பூங்கா, மலிவாக, அமைதியாக, நடக்கச் சமதரையாக இருக்கிறது, அம்மாவுக்கு இதுதான் கூடப் பிடித்தது. பிள்ளைகளுக்குச் சின்ன ரயில் ஓடுகிறது. வேலி ஓரம் ஈரமான மூலையில் ஒருவர் பெரிய கமராவோடு அசையாமல் நின்றார், என்னவென்று கேட்டால் ஆறுமணிக் குருவி. இந்தியாவில் இருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவைகள் அங்கே நிறைய, மகள் அவருக்குப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் மூச்சுக் காட்டாமல் நின்று அதைப் பார்த்துவிட்டாள். ஹக்கல தாவரவியல் தோட்டத்துக்கு நேரம் ஒதுக்கியது போதவில்லை, அது 1861இல் மருந்துக்குச் சிங்கோனா நட ஆரம்பித்த இடம், ஏற்றம் அதிகம், வயசானவர்கள் என்றால் வழியில் சீத்தாஎலியவில் சீதை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

தங்கும் அறையில் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: சுடுதண்ணீர் இரவிலும் வருகிறதா, தலைக்கு எத்தனை கம்பளி. நாங்கள் இரண்டாவதைக் கேட்காமல் விட்டு, நான் வேன் சீட் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

திரும்பும்போது அம்மா பொகவந்தலாவையில் இருக்கிற பெரியம்மாவைப் போனில் பிடித்து, தலவாக்கலை வரும்வரை படகுக் கதைதான். மார்ச் முடியுமுன்னே பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை போகிறோம், இந்தத் தடவை காலை எட்டு மணிக்கே படகடியில் நிற்போம், ஆளுக்கு இரண்டு ஜேர்சி.