வோர்டெக்ஸ் ரிட்டார்டர்: தட்டு அருமை, லென்ஸைப் பார்த்து வாங்குங்கள்

லேசர் புள்ளியைச் சிறிதாக்கத்தான் 633 நானோமீட்டர் அலைநீளத்துக்கான இந்த வோர்டெக்ஸ் ரிட்டார்டரை வாங்கினேன். பார்வைக்கு வெறும் கண்ணாடி வில்லைதான். உள்ளே திரவப் படிகப் பாலிமரில் செய்த அரை அலைத் தட்டு, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசையைத் திருப்பிவிடும் தட்டு. அதன் வேக அச்சு (எந்தத் திசையில் அதிரும் ஒளி தட்டில் வேகமாகச் செல்கிறதோ அந்தத் திசை), மையத்தைச் சுற்றிப் போகப் போக, சுற்றும் கோணத்தில் பாதி அளவுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். நேர்கோட்டுத் தளவிளைவோடு, அதாவது மின்புலம் ஒரே நேர்கோட்டில் அதிர, நுழையும் ஒளி, சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல ஆரத் திசைகளில் தளவிளைவுற்று வெளியே வருகிறது.

வேலை சுத்தம். பின்னால் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வைத்துப் பார்த்தேன்: எதிரெதிராக இரண்டு மடல்கள், போலரைசரைத் திருப்பினால் கூடவே திரும்புகின்றன. ஒரு மடல் பெருத்தால் கற்றை தட்டின் மையத்தில் விழவில்லை என்று அர்த்தம். இரு அச்சிலும் நகர்த்தக்கூடிய மவுன்ட் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

என் மனக்குறை விற்பவரின் விளக்கத்தாளைப் பற்றியது. ‘கூர்மையான குவியம்’ என்று போட்டிருக்கிறார்கள், எந்த லென்ஸோடு என்று ஒரு வரிகூட இல்லை. சாதாரண லென்ஸில் குவித்தால் புள்ளி கிடைக்காது, நடுவில் ஓட்டையோடு வளையம்தான் கிடைக்கும். லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கும் என்பதைச் சொல்லும் நியூமரிக்கல் அப்பர்ச்சர் 0.9 அளவில் இருந்தால்தான் கதிர்கள் நன்றாகச் சாய்ந்து வரும். அப்போது மையத்தில் பக்கவாட்டு மின்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கற்றை செல்லும் அச்சின் திசையிலான மின்புலம் மட்டும் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூறுதான் ஒடுக்கமானது, வட்டமானது. நேர்கோட்டுத் தளவிளைவில் புள்ளி ஒரு பக்கமாக நீண்டுவிடும்.

2003இல் டோர்ன், குவாபிஸ், லாய்க்ஸ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்: ஆரத் தளவிளைவில் புள்ளியின் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தில் 0.16 பங்கு, நேர்கோட்டில் 0.26. அவர்கள் வளையத் துளையும் வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நடுக் கதிர்களை மறைத்தால் அச்சுக் கூறின் பங்கு கூடும். ஆனால் ஒளியில் பெரும்பகுதி வீணாகும், பக்க வளையங்களும் தடிக்கும். எனக்கு அந்த விலை சம்மதம்தான்.

ஒளியுணர் பூச்சில் எழுத வாங்குபவர்கள் மட்டும் யோசியுங்கள். காற்றிலிருந்து பூச்சுக்குள் நுழையும்போது அச்சுத் திசைப் புலம் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தால் வகுபட்டுக் குறைந்துவிடும். காற்றில் பார்த்த கூர்மை உள்ளே அப்படியே இருக்காது.

அலைநீளத்தை மாற்றி மாற்றி வேலை செய்பவர்களுக்கு இது வேண்டாம். 633 மட்டும் போதும், 0.9 நியூமரிக்கல் அப்பர்ச்சர் கொண்ட ஆப்ஜெக்டிவ் லென்ஸ் கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம்.