ஒரே ஒரு சாம்பிளோடு வரும் "அஸ்பெஸ்டஸ் இல்லை" ரிப்போர்ட்: பேஸ்மென்ட் தரை மாற்றுவோர் கவனத்துக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் 1960களில் கட்டிய வீடு. பேஸ்மென்ட் கார்ப்பெட்டைக் கிளப்பினால் கீழே 9 அங்குலச் சதுர டைல்ஸ். கொன்ட்ராக்டர் லாப் ரிப்போர்ட் ஒன்றைக் காட்டி, "டெஸ்ட் எடுத்தாச்சு, பயமில்லை" என்று முற்பணம் வாங்கினார். டைல்ஸை மெஷினால் சுரண்டி, அடியில் இருந்த கறுப்புப் பசையைக் கிரைண்டரால் தேய்த்தார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்ததால் தூசி டக்ட் வழியே மேல் அறைகளுக்கும் போய்விட்டது. பிறகு வீட்டுக்காரர் தானே லாப்புக்குக் கொடுத்துப் பார்த்தபோது பசையில் அஸ்பெஸ்டஸ் (மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரக்கூடிய கனிம நார்). துப்புரவுச் செலவு புதுத் தரையின் செலவைத் தாண்டியது. கொன்ட்ராக்டர் இப்போது போன் எடுப்பதில்லை.

ரிப்போர்ட் போலி அல்ல. ஆனால் அதில் இருந்தது டைலின் ஒரே ஒரு சாம்பிள். பசை லாப்புக்குப் போகவே இல்லை. அந்தக் காலத்துத் தார்ப்பசையிலும் அஸ்பெஸ்டஸ் கலந்தார்கள். டைல் சுத்தமாக இருந்து பசை மட்டும் மாட்டுவது சாதாரணம். அஸ்பெஸ்டஸ் வேலைகளுக்கான ஒன்ராறியோவின் 278/05 விதிப்படி ஒரே வகைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 சாம்பிள் வேண்டும். முதலாவதிலேயே அஸ்பெஸ்டஸ் எடையில் 0.5 வீதமோ அதற்கு மேலோ வந்தால் மிச்சத்தைச் சோதிக்கத் தேவையில்லை. "இல்லை" என்று சொல்லத்தான் மூன்றும் வேண்டும். ஆகவே ரிப்போர்ட்டில் உங்கள் முகவரி, சாம்பிள் எடுத்த அறை, டைலுக்கும் பசைக்கும் தனித்தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: வினைலுக்குள் நார்கள் மிக நுண்ணியவை. சாதாரண பிஎல்எம் நுண்ணோக்கிச் சோதனைக்கு அவை தப்பிவிடலாம். டைலுக்கு "இல்லை" என்று வந்தால் டெம் எனப்படும் எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சோதனையும் கேளுங்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்பவரை நம்பவே வேண்டாம். 9 அங்குலம் என்றால் சந்தேகம் கூடும், அவ்வளவுதான். 12 அங்குல டைலிலும் 1980கள் வரை இருந்தது. அதைவிட மோசம், சுருளாக விரித்த பழைய வினைல் ஷீட். அதன் அடியில் இருக்கும் சாம்பல் நிறக் காகிதம் போன்ற படையில் அஸ்பெஸ்டஸ் மிக அதிகமாக இருக்கலாம். இழுத்துக் கிழித்தாலே நார் பறக்கும்.

சாம்பிளை நீங்களே எடுப்பதானால் ஃபர்னஸ் ஃபேனை நிறுத்துங்கள். பி100 ஃபில்டர் போட்ட மாஸ்க், கையுறை அவசியம். நீல சர்ஜிக்கல் மாஸ்க் உதவாது. அலுமாரிக்குள் ஏற்கெனவே ஆடும் டைல் மூலையைத் தேடி, தண்ணீரில் சில துளி டிஷ் சோப் கலந்து நன்றாக நனைத்து, பசையும் ஒட்டி வரும்படி ஓர் அங்குலத் துண்டாக மூன்று இடங்களில் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு இடத்தை எழுதுங்கள். ஓட்டையை டக்ட் டேப்பால் மூடி, ஈரப் பேப்பர் டவலால் துடையுங்கள். விளக்குமாறும் வீட்டு வாக்யூமும் தொடக்கூடாது.

அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்று வந்தாலும் டைல்ஸ் உடையாமல் இறுக்கமாக இருந்தால் கழற்றவே வேண்டாம். மேலே அண்டர்லே போட்டு, ஒட்டாமல் விரிக்கும் ஃப்ளோட்டிங் தரை போடலாம். மலிவும் அதுதான். வேலை குறையும் என்பதால் பல கொன்ட்ராக்டர்கள் இதைச் சொல்வதில்லை. கழற்றத்தான் வேண்டுமென்றால், நனைத்து, கைக்கருவியால் முழு டைலாகக் கிளப்புவது அந்த விதியில் ஆபத்து மிகக் குறைந்த டைப் 1 வேலை. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வாக்யூம் பொருத்தாத கிரைண்டரை வைத்த கணமே அது ஆபத்து மிகக் கூடிய டைப் 3: அடைப்புக் கட்ட வேண்டும், தொழில் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், சான்றிதழ் பெற்ற ஆட்கள் வேண்டும். "பசையை எதால் எடுப்பீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

கிரைண்டர் ஏற்கெனவே ஓடிவிட்டதா? ஃபேனை நிறுத்தி, வென்ட்களை பிளாஸ்டிக்கால் மூடி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். எதையும் கூட்டாதீர்கள். கொன்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத கன்சல்டன்ட் ஒருவரைக் கூப்பிட்டுத் தூசியையும் காற்றையும் சோதியுங்கள். மீதிப் பணத்தை அதுவரை கொடுக்க வேண்டாம். தரையையும் மெஷினையும் படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டில் வைத்தே கையெழுத்திட்டிருந்தால், அதன் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டத்தில் இடமுண்டு.