டெக் போட யாரைக் கூப்பிடுவது: ஷோரூம் கம்பெனியா, சின்ன கான்ட்ராக்டரா, கேஷ் ஆளா?

நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் டெக், அதாவது தூண்மேல் நிற்கும் பலகைத் தளம், போடலாம் என்று கிளம்பினால், எல்லாரும் முதலில் மரமா காம்போசிட்டா (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கழுவி ஸ்டெயின் அடிக்க உடம்பில் தெம்பு இருந்தால் பிரஷர் ட்ரீட்டட் மரம், அதாவது உளுத்துப்போகாமல் மருந்து ஏற்றிய மரம். அது வேண்டாம், விலை கூடுதலாகவே கொடுத்துவிடுகிறேன் என்றால் ட்ரெக்ஸ், டிம்பர்டெக் வகையறா காம்போசிட் பிராண்டுகள். ஜூலை மதியத்தில் வெறுங்காலோடு காம்போசிட் மேல் நிற்க முடியாது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். மேலே எந்தப் பலகையைப் போட்டாலும் அடியில் தாங்குகிற தூண், பீம், ஜாய்ஸ்ட் (பலகைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம்) எல்லாம் பெரும்பாலும் ட்ரீட்டட் மரம்தான். டெக் நிற்பதும் விழுவதும் அந்த அடிப்பகுதியில் இருக்கிறது. அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

நாங்கள் மூன்று விதமான ஆட்களிடமும் விலை கேட்டோம். கடைசியில் சின்ன கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். அதனால் இந்த அலசல் அவர் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

ஷோரூம் கம்பெனியைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு, கோட்டேஷனோடு நின்றுவிட்டோம். வந்தவர் சேல்ஸ்மேன். டேப்லெட்டில் நம் வீட்டுப் படத்திலேயே டெக்கை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினார், பார்க்க அழகாகவே இருந்தது. தவணை வசதி உண்டு, போன் எடுக்க ஆபீஸ் உண்டு, டவுன்ஷிப் என்கிற உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும் பெர்மிட் வேலையெல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் "வேலைக்கு யார் வருவாங்க?" என்று கேட்டால் பதில் இல்லை. வேலை துணை ஒப்பந்தத்தில் வேறொரு குழுவுக்குப் போகும், எந்தக் குழு என்பது தேதி நெருங்கும்போதுதான் தெரியும் என்றார். விலையும் மூவரில் அவர்களுடையதுதான் அதிகம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்ற நெருக்கடி வேறு. அப்படி அவசரத்தில் போட்டுவிட்டாலும் பயம் வேண்டாம். வீட்டு வேலை ஒப்பந்தத்தை மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்ய இந்த மாநிலத்தில் நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது கேஷ் ஆள், ரொக்கமாக வாங்கிக்கொண்டு காகிதம் எதுவும் இல்லாமல் வேலை செய்பவர். எடிசன், ஐசலின் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர் நம்பர் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் போட்ட டெக்குகளில் உட்கார்ந்து பார்பெக்யூ சாப்பிட்டிருக்கிறேன், ஆடாமல் அசையாமல்தான் இருந்தன. சின்ன கான்ட்ராக்டர் சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு விலையும் குறைவு. பெர்மிட் என்று வாயெடுத்தால் மட்டும் அவரிடம் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "பின்னாடிதானே இருக்கு, யார் பார்க்கப் போறாங்க?" இன்னொன்று, "வேணும்னா உங்க பேர்ல எடுத்துக்குங்க."

இரண்டாவது பதில்தான் ஆபத்து. தான் குடியிருக்கும் தனி வீட்டுக்கு உரிமையாளரே பெர்மிட் எடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலைக்குப் பொறுப்பு நீங்கள் என்று அர்த்தம். தப்பாகக் கட்டியவர் அடுத்த வீட்டு வேலைக்குப் போயிருப்பார், டவுன்ஷிப் கடிதம் உங்களுக்கு வரும். ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்றாலே அவர் மாநிலத்தில் பதிவு செய்யாதவராக இருக்க வாய்ப்பு அதிகம். பதிவு செய்தவருக்கு 13VH என்று தொடங்கும் எண் இருக்கும், நுகர்வோர் விவகாரத் துறை இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். குறைந்தது 5,00,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும், 500 டாலரைத் தாண்டிய வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். கேஷ் ஆளிடம் இதில் ஒன்றுகூட இல்லை. அவருடைய ஆள் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பெர்மிட்டைப் பற்றி நான் இவ்வளவு நீட்டக் காரணம் அபராத பயம் இல்லை. டெக் எத்தனை அழகாக வந்தாலும் வீட்டை விற்கும் நாளில் முதலில் தோண்டப்படுவது இந்த விஷயம்தான். இங்கே வாங்குபவரின் வக்கீல் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் டவுன்ஷிப்புக்கு ஒரு மனு போட்டு, அந்த முகவரியில் என்னென்ன பெர்மிட் எடுத்தார்கள், எது முடித்து வைக்கப்பட்டது, எது திறந்தபடி கிடக்கிறது என்று பட்டியலை வாங்கிவிடுவார். பின்னால் டெக் நிற்கிறது, பட்டியலில் டெக் இல்லை என்றால் பேரம் அங்கேயே தடுமாறும். அப்போது போய் பெர்மிட் கேட்டால் ஃபுட்டிங்கை, அதாவது தூணுக்கு அடியில் உள்ள கான்கிரீட் அடித்தளத்தை, காட்டு என்பார்கள். மூடிய குழியை எப்படிக் காட்டுவது? பக்கத்தில் தோண்ட வேண்டும், மேல் பலகையைப் பிரிக்க வேண்டும். மிச்சம் பிடித்த மூன்றில் ஒரு பங்கு அதிலேயே கரைந்துவிடும். நான் இன்னும் வீடு விற்கவில்லை, ஆனால் தெரிந்தவர் வீட்டு குளோசிங் (விற்பனையை முடித்துக் கைமாற்றும் நாள்) இதனால் தள்ளிப்போனதை அருகிலிருந்து பார்த்தேன்.

பெர்மிட் எடுத்தால் சொத்து வரி ஏறும் என்பார்கள். ஏறும், மறைக்க ஒன்றுமில்லை. இந்த மாநிலத்து வரிக்கு அந்தப் பயம் நியாயமும்கூட. ஆனாலும் எங்களுக்குக் கூடிய தொகை மாதக் கணக்கில் வலிக்கிற அளவுக்கு இல்லை. பெரிய டெக், வேறு டவுன்ஷிப் என்றால் கணக்கு மாறலாம்.

சின்ன கான்ட்ராக்டரிடம் எனக்குப் பிடித்தது, அளக்க வந்தவரே வேலைக்கும் வந்தார். பெர்மிட் அவர் பேரில். தோண்டுவதற்கு முன், நிலத்தடி லைன்களைக் குறித்துத் தரும் 811 சேவைக்கு அழைத்து கேஸ், கரண்ட் லைன்களுக்குப் புல்தரையில் கலர் கலராக அடையாளம் போட வைத்தார். எங்கள் பகுதியில் ஃபுட்டிங் மூன்று அடி ஆழம் போக வேண்டும், இல்லையென்றால் குளிர்காலத்தில் மண் உறைந்து தூணையே மேலே தள்ளும். கான்கிரீட் ஊற்றும் முன் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு குழியிலும் டேப்பை இறக்கிப் பார்த்தார்.

இரண்டாவது இன்ஸ்பெக்ஷன் சட்டகத்துக்கு. வீட்டுச் சுவரோடு டெக்கை இணைக்கும் லெட்ஜர் பலகையில் வெறும் ஆணி இல்லாமல் போல்ட் இருக்கிறதா, மேலே தண்ணீர் உள்ளே இறங்காமல் ஃப்ளாஷிங் தகடு இருக்கிறதா என்று பார்த்தார். அது சரியாக இருந்தது. அப்புறம் குனிந்து டார்ச் அடித்தவர் ஜாய்ஸ்ட்டைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கிளிப்பான ஜாய்ஸ்ட் ஹேங்கர் சிலவற்றில் சாதாரண டெக் ஸ்க்ரூ போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். பக்கவாட்டில் வெட்டும் சுமையை அந்த ஸ்க்ரூ தாங்காது, ஹேங்கர் தயாரிப்பாளர் சொன்ன ஆணியோ ஸ்க்ரூவோதான் போட வேண்டும் என்று பாஸ் போடாமல் போய்விட்டார். கான்ட்ராக்டர் வாதாடவில்லை. ஸ்க்ரூ போட்ட பையனை ஒரு பார்வை பார்த்தார், மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி மாற்றினார், எங்களிடம் ஒரு பைசா கூடக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் இல்லாத வேலையில் அந்த ஸ்க்ரூக்கள் பலகைக்கு அடியில் அப்படியே இருந்திருக்கும். நல்ல ஆளிடமும் இப்படி நடக்கும், அதனால்தான் இரண்டாவது ஜோடிக் கண் தேவை.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார், மெசேஜுக்கு ராத்திரி பதில் வரும். மழை என்றால் இரண்டு நாள் ஆளே இருக்காது. நாளை அவர் கடையை மூடினால் அவர் கொடுத்த உழைப்பு உத்தரவாதம் காகிதம்தான். காம்போசிட் கம்பெனியின் வாரண்டி பலகைக்கு மட்டும், போட்ட விதத்துக்கு இல்லை. இந்த இடத்தில் ஷோரூம் கம்பெனிக்கு ஒரு மார்க் கூடுதல்.

இவரைப் போன்றவரைத் தேடினால் போன மாதம் முடித்த டெக்கைப் பார்த்துப் பயனில்லை, புதிதில் எல்லாமே பளபளக்கும். நாலைந்து பனிக்காலம் தாண்டியதைக் காட்டச் சொல்லி, படிக்கட்டு தரையைத் தொடும் இடத்தையும் கைப்பிடியின் அடியையும் ஆட்டிப் பாருங்கள். காப்பீட்டுச் சான்றிதழை அவர் கையிலிருந்து வாங்காமல் ஏஜென்ட்டை நேராக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் முன்பணத்தைச் சிறிதாக வைத்து, மரம் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, சட்டகம் பாஸானதும் ஒரு பங்கு என்று பிரித்தோம். கடைசிப் பங்கு, டவுன்ஷிப் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. இதற்கு முகம் சுளித்தால், இன்ஸ்பெக்ஷன் சான்றின் நகலைத் தந்த பிறகே கடைசித் தொகை கேட்க வேண்டும் என்று மாநில விதியே சொல்கிறது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

நல்ல ஆட்களுக்கு மார்ச்சுக்குள் கோடை முழுக்க வேலை நிறைந்துவிடும். ஜனவரியிலேயே கூப்பிடுங்கள். அதற்குள் வீடு வாங்கியபோது கொடுத்த சர்வே (மனையின் எல்லை வரைபடம்) நகலைத் தேடி எடுத்து வையுங்கள், எங்கே என்ன கட்டலாம் என்று பார்க்கும் சோனிங் ஆபீஸில் எல்லைக்கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். அசோசியேஷன் உள்ள குடியிருப்பு என்றால் அவர்களிடமும் அனுமதி கேட்டுத் தனியாக எழுதிப் போட வேண்டும்.