திரைக்குப் பின்னால் இருக்கும் கருந்துளைகள்: சந்திராவா, எக்ஸ்எம்எம்-நியூட்டனா, நூஸ்டாரா?

ஒரு கேலக்ஸியின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை, சுற்றியிருப்பதை விழுங்கும்போது எக்ஸ் கதிர்களைக் கொட்டுகிறது. ஆனால் பல கருந்துளைகளைத் தடித்த வாயுத் திரை மூடியிருக்கிறது. திரை மிக அடர்த்தியாக இருந்தால் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கீழான கதிர்களில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். அதற்கு மேற்பட்டவைதான் ஓரளவு தப்பி வரும்.

அப்படியானால் எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியான நூஸ்டாரைத் திருப்பினால் போதுமே என்று தோன்றும். 2012-இல் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கி, சுற்றுப்பாதையில் 10 மீட்டர் நீளத் தாங்கியை விரித்துக்கொண்டு, 3 முதல் 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கதிர்களைக் குவிக்கிறது. பக்கத்துக் கேலக்ஸிகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. தொலைவு கூடக்கூடத்தான் சிக்கல். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியில் பாதி, ஏறக்குறைய ஒரு ஆர்க் நிமிட (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் மங்கலான கேலக்ஸிகள் எத்தனையோ இருக்கும். கதிரின் மூலம் எது என்று சொல்ல முடியாது. காஸ்மாஸ் வான்பகுதியில் 1.7 சதுர டிகிரியைத் துழாவி நூஸ்டார் கண்டது 91 மூலங்கள். அவற்றுள் அடர்ந்த திரைக்கு நல்ல சான்றாக அமைந்தது எது தெரியுமா? செம்பெயர்ச்சி (தொலைவு கூடக்கூட உயரும் அளவு) வெறும் 0.04 உள்ள, நமக்கு அருகிலிருக்கும் ஒன்று.

தொலைவில் இருப்பவற்றுக்கு இயற்கையே ஒரு சலுகை தருகிறது. பிரபஞ்சம் விரிவதால் வழியில் கதிரின் ஆற்றல் குறைகிறது. செம்பெயர்ச்சி 3 என்றால் ஆற்றல் (1+3)-ஆல் வகுபடும்: 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கிளம்பியது நம்மிடம் 8-ஆக வந்து சேரும். அது, மூத்த எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கிகளான சந்திராவுக்கும் எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கும் எட்டும் தூரம்தான். ஆகவே உண்மையான போட்டி, 1999-இல் சில மாத இடைவெளியில் மேலே போன இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய சந்திராவின் பலம் கூர்மை: அரை ஆர்க் நொடி (ஆர்க் நிமிடத்தில் 120-இல் ஒரு பங்கு). ஒளி இவ்வளவு சிறு இடத்தில் விழுவதால் பின்னணி இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. ஒரு சில ஃபோட்டான்களை வைத்தே மூலத்தை உறுதிசெய்யலாம். தென்வானில் ஒரே துண்டை மொத்தம் 70 லட்சம் நொடிகள், அதாவது சுமார் 81 நாள், பார்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களைப் பிடித்தது.

எக்ஸ்எம்எம்-நியூட்டனின் பலம் அள்ளும் திறன். மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 58 கண்ணாடிகள். கூர்மை குறைவு, போதாததற்கு விண்வெளியில் புரோட்டான் துகள்கள் புயலாக அடித்தால் அந்நேரப் பதிவைத் தூக்கிப்போட வேண்டும். ஆனாலும் நிறமாலை (கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்த பதிவு) வேண்டுமென்றால் நான் இதன் பக்கம்தான் சாய்வேன். அடர்திரைக்கு அடையாளம் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் இரும்புக் கோடு, அதாவது இரும்பு அணுக்கள் உமிழும் கதிர். அதைத் தெளிவாகப் பார்க்க ஃபோட்டான்கள் நிறைய வேண்டும். செம்பெயர்ச்சி 3.7 உள்ள ஒரு குவேசாரை (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையத்தை) அதே தென்வான் துண்டில் சந்திரா முதலில் காட்டியது. பிறகு எக்ஸ்எம்எம் நீண்ட நேரம் பார்த்த நிறமாலையில், அதன் திரை எவ்வளவு தடிமன் என்பது துலங்கியது. 6.4-இல் பிறந்த கோடு அங்கே 1.4 அருகில் நிற்கும்.

கண்டுபிடிக்கச் சந்திரா, அளக்க எக்ஸ்எம்எம், அக்கம்பக்கத்துக்கு நூஸ்டார். நேரம் கேட்டு விண்ணப்பிப்பவருக்கு என் யோசனை இதுதான். ஆனால் மிக மிகத் தொலைவுக்குப் போனால் சந்திராவைத் தவிர வேறு வழியில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட யுஎச்இசட்1 என்ற கேலக்ஸி, செம்பெயர்ச்சி 10.1-இல் இருக்கிறது. முன்னால் உள்ள ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருக்கிக் கொடுத்தும், சந்திரா சுமார் இரண்டு வாரம் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது 2 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பிடித்த கதிர்கள், கிளம்பும்போது 22 முதல் 78 வரை இருந்தவை. எதைப் பிடிக்கவென்றே நூஸ்டார் கட்டப்பட்டதோ அந்த அலைவரிசையை, 13 ஆண்டு மூத்த தொலைநோக்கி எட்டிப் பிடித்திருக்கிறது.